எம்.எஸ்ஸி. சேரலாமா? நடவுக்கு முன்னால் ஒரு பேச்சு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து, பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை 78 விழுக்காடு. அப்பாவுக்கு ஆறு மா நிலம். தம்பி பன்னிரண்டாவது. அம்மா பி.எட். படிக்கச் சொல்கிறார். மாமா, தஞ்சாவூரில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கில் சேரச் சொல்கிறார். வகுப்பில் பாதிப் பேர் அதே கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேரப் போகிறார்களாம். "எனக்கு எது சரின்னே தெரியல மேடம். எம்.எஸ்ஸி. படிச்சா ரெண்டு வருஷம் வீணாப் போயிடுமா?" என்பது கேள்வி.

கும்பகோணம் பக்கம் இருபத்து நான்கு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன் மா. முதலில், நீ ஆகஸ்ட் மாதத்தில் கேட்டதற்காகவே ஒரு சபாஷ். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரிசல்ட் வந்த பிறகு, மே கடைசியில்தான் வந்தார்கள். அப்போது என்னால் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: "இதே கல்லூரியில் சீட் இருக்கு, வேணுமா வேணாமா?" நல்ல இடங்களுக்கான கதவெல்லாம் அதற்குள் மூடியிருக்கும். அதனால், சேரலாமா என்ற கேள்வியைவிட, எங்கே, எதற்கு என்ற கேள்விகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உன் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் அல்லவா, அதிலிருந்தே தொடங்குவோம். மாமா சொல்வது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 2, குரூப் 1 இரண்டுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆக அரசுப் பணிதான் உன் குறி என்றால், எம்.எஸ்ஸி. ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தராது. "எம்.எஸ்ஸி. படிச்சுக்கிட்டே தயார் பண்றேன்" என்று சொன்ன பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தேன். செய்முறைத் தேர்வு, செமஸ்டர், புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் நடுவில் பொது அறிவுப் புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கும். இரண்டிலும் அரைகுறையாகத்தான் நின்றார்கள். அந்த வழிதான் என்றால் பட்டம் வாங்கியதும் நேரே இறங்கிவிடு. அதற்கும் ஒரு கெடு வைத்துக்கொள். இரண்டு முறை, அல்லது மூன்று முறை. கெடு இல்லாமல் ஐந்தாறு வருடம் நூலகத்தில் உட்கார்ந்தே போனவர்களும் நம் ஊரில் உண்டு.

அம்மா சொல்வது பி.எட். 2015இலிருந்து அது இரண்டு வருடப் படிப்பு. பி.எஸ்ஸி.யோடு பி.எட். முடித்தால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். அதற்கு டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தேறிய பிறகு இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு. பதினொன்று, பன்னிரண்டுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்றால் எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் இரண்டும் வேண்டும். மொத்தம் நான்கு வருடம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு பி.எட். எதற்கும் உதவாது. எம்.எஸ்ஸி.யில் 55 விழுக்காடு வாங்கி நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வுகள், முன்னது தேசிய அளவில், பின்னது மாநில அளவில்) தேற வேண்டும், இல்லாவிட்டால் முனைவர் பட்டம் வேண்டும். அதெல்லாம் கையில் இருந்தும், கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உன் கல்லூரியிலேயே இருப்பார்கள். தயங்காமல் அவர்களில் ஒருவரிடம் போய்ப் பேசு. என்னைவிட உண்மையாகச் சொல்வார்.

அப்புறம், நீ எழுதாத ஒன்று. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் எம்.எஸ்ஸி. சேர்ந்ததே அதனால்தான். ஜாதகம் கையை விட்டுப் போகத் தொடங்கிய சமயம் அது. "பொண்ணு எம்.எஸ்ஸி. படிச்சுக்கிட்டிருக்கா" என்று ஒரு வாக்கியம் சொன்னால் தரகர் இரண்டு வருடத்துக்கு வாயைத் திறக்க மாட்டார். டெல்டாவில் பெண்கள் முதுநிலை படிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். வெட்கப்பட வேண்டிய காரணமும் இல்லை. உனக்கும் அதுதான் என்றால் சேர், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்பதை முதல் செமஸ்டரிலேயே முடிவு செய். பணத்தைச் சொல்லவில்லை, நெட் தேர்வோ, ஒரு கருவியில் கைப்பழக்கமோ, ஏதாவது ஒன்று. இல்லையென்றால் தரகர் திரும்பி வரும்போது நீ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பாய்.

நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்று பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். ஆனால் நாள் கடந்தால் கணு விட்டுவிடும், அப்புறம் பறித்து நட்டாலும் தூர் கட்டாது. கல்லூரியும் ஒரு நாற்றங்கால்தான். மூன்று வருடத்தில் பறிப்பதா, ஐந்து வருடத்தில் பறிப்பதா என்பது எந்த வயலில் நடப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

சரி, வேதியியலே பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே பிடித்திருக்கிறதா? 78 விழுக்காட்டை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது. நம் செமஸ்டர் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி என்று பழைய வினாத்தாளைப் புரட்டி எழுதியே 78 வாங்கலாம். வேறொரு சோதனை சொல்கிறேன். ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் சோதனை) செய்திருப்பாய். ஆக்சாலிக் அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, பெர்மாங்கனேட் நிரப்பிய பியூரெட்டைத் திறப்போம். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மெதுவாகத்தான் மறையும். ஆனால் நாலைந்து சொட்டுக்குப் பிறகு, விழுந்த வேகத்தில் நிறம் காணாமல் போகும். அதே அமிலம், அதே பெர்மாங்கனேட். முதல் சொட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?

இருபத்து நான்கு வருடத்தில் சுமார் ஆயிரம் பிள்ளைகள் அந்தச் சோதனையை என் கண்முன்னால் செய்திருப்பார்கள். இதைத் தானாகக் கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் ரீடிங் எடுத்து, ஒத்த அளவீடு வந்ததா என்று பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடுகிறது. தொடக்கத்தில் அது இல்லை, அதனால்தான் மந்தம். விடை பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரி உனக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொட்டு மறையாமல் நின்றபோது உனக்கு ஏதாவது உறுத்தியதா? உறுத்தியிருந்தால் எம்.எஸ்ஸி.யில் உனக்கு வேலை இருக்கிறது. உறுத்தவில்லை என்றால் அது குற்றம் இல்லை, பி.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையில் நன்றாக இருப்பவர்கள் ஏராளம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார். முதல் தடவை மார்க் கேவலமாகத்தான் வரும், என் நல்ல மாணவர்களுக்கே பதினைந்து இருபது என்றுதான் வந்தது. எழுதி முடித்த பிறகு என்ன செய்கிறாய் என்று பார். இரண்டு மூன்று கேள்வியாவது "இதுக்கு எப்படி விடை வந்திருக்கும்" என்று ராத்திரி வரை மண்டையைக் குடைந்தால் சரி.

இனி இடம். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் முதுநிலை படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு நிறமாலைமானி இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள், வீட்டில் தையல் இயந்திரத்துக்குப் போடுவோமே, அதுபோல. இரண்டு வருடத்தில் அந்த உறை கழன்று நான் பார்த்தது இரண்டே தடவை. ஒருமுறை ஆய்வுக் குழு வந்தபோது, இன்னொரு முறை சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைக்க. அந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்று பத்துப் பக்கம் எழுதி முதல் வகுப்பில் தேறினேன். பிறகு வேலைக்குப் போன இடத்தில் "மாதிரியை வைத்து ஓட்டுங்கள்" என்றபோது, மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேருவதற்கு முன் நேரில் போய், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடி. கருவியை நீங்களே தொட்டு ஓட்டுகிறீர்களா, கடைசி செமஸ்டர் புராஜெக்டை எங்கே செய்கிறீர்கள், போன வருடம் யாராவது நெட் தேறினார்களா என்று கேள். துறைத் தலைவரிடம் இதையெல்லாம் கேட்டுப் பயனில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போயிருப்பாய். துவாக்குடி தாண்டும்போது என்.ஐ.டி.யின் வாசல் தெரியும். அது பி.டெக். படிக்கிறவர்கள் இடம் என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே எம்.எஸ்ஸி. வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் இருக்கிறது. ஜாம் மதிப்பெண்ணை வைத்து, என்.ஐ.டி.களுக்கான பொதுக் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். தினமும் அந்த வாசலைக் கடந்து போகிற எத்தனையோ பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி.க்கும் அதே ஜாம்தான். இன்னும் பக்கத்தில், திருவாரூர் அருகே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009இலிருந்து இருக்கிறது. விடுதி உண்டு. அதற்கு க்யூட் பி.ஜி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். டெல்லிப் பிள்ளைகளும் கேரளப் பிள்ளைகளும் தேடி வந்து நம் வாய்க்கால் கரையில் படிக்கிறார்கள், கொரடாச்சேரிக்காரர்கள் அதை பஸ் ஸ்டாப்பாக மட்டும் அறிவார்கள்.

தேதிகளை நினைவு வைப்பது டெல்டாக்காரர்களுக்குச் சுலபம். ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். அதாவது சம்பா நாற்றும் நடவும் நடக்கிற சமயம். தேர்வு பிப்ரவரியில், அறுவடை மெஷின் ரோட்டில் நிற்கிற சமயம். க்யூட் பி.ஜி. விண்ணப்பம் பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் வரும், தேர்வு மார்ச்சில். அரசுக் கலைக் கல்லூரிகளின் முதுநிலை விண்ணப்பம் ரிசல்டை ஒட்டித்தான். அதைக் கடைசித் துணையாக வைத்துக்கொள், அது எங்கேயும் போகாது.

பணத்துக்கு வருவோம். அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கட்டணம் உன் அப்பாவை முடக்கிப் போடாது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கையை விட்டுப் போவது வேறு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தால், அது இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். அதைவிடப் பெரியது, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்துக்கு 3,60,000. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் 40 குவிண்டால். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த 2,545 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஒரு சம்பாவுக்கு 1,01,800 ரூபாய் வரவு. உழவுக்கும் உரத்துக்கும் அறுப்புக் கூலிக்கும் போகும் செலவை இதில் நான் கழிக்கவே இல்லை. ஆக நீ எம்.எஸ்ஸி. சேருவது என்பது உன் வீடு மூன்றரை சம்பாவின் மொத்த வரவை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கணக்கை நீயே முதலில் எடுத்துப் போடு. "செலவே இல்லப்பா, கவர்மெண்ட் காலேஜ்தான்" என்று மட்டும் சொல்லாதே.

எதிர்ப்பக்கமும் உண்டு. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், 2023இலிருந்து இதுதான் தொகை. கும்பகோணத்தில் ராமானுஜனை இழுக்காமல் படிப்பைப் பற்றிப் பேச முடியாது, நானும் இழுத்துவிடுகிறேன். பட்டமே இல்லாமல் அவர் சாதிக்கவில்லையா என்பார்கள். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று, இங்கே அவர் உதவித்தொகையை இழந்தது உண்மை. ஆனால் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்த பிறகுதான் துறைமுகக் குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்டு முழுநேரமும் கணக்கில் உட்கார முடிந்தது. அவருக்கே அது தேவைப்பட்டது.

வெளியூர் விடுதிச் செலவுக்குக் கடன் வாங்க நேர்ந்தால், 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கக் கடன் வாங்காதே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மருந்துக் கம்பெனித் தரக்கட்டுப்பாடு போன்ற வேலைகளுக்கு பி.எஸ்ஸி.யையும் எடுக்கிறார்கள், எம்.எஸ்ஸி.யையும் எடுக்கிறார்கள். என் மாணவர்கள் சொல்லிக் கேட்டவரை, தொடக்கச் சம்பளத்தில் வித்தியாசம் சில ஆயிரம்தான். இரண்டு வருட அனுபவத்தோடு இருக்கும் பி.எஸ்ஸி.காரர் புதிதாக வரும் எம்.எஸ்ஸி.க்கு வேலை பழக்குவதும் நடக்கிறது. பிறகு ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போக நினைக்கும்போதுதான் அந்த பி.எஸ்ஸி.காரருக்குக் கதவு இடிக்கும். (வேறு பாடம் படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். பொறியியல் என்றால் கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை உண்டு. எம்.காம்., எம்.ஏ. போன்றவற்றை வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் முடிக்கலாம். வேதியியலை ஆய்வகம் இல்லாமல் படிக்க முடியாது.)

எது படித்தாலும் ஒன்றை வீட்டில் இப்போதே பேசிவிட வேண்டும். வேதியியல் வேலை நம் பக்கத்தில் இல்லை. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை இங்கே வர முடியாது. நானும் அந்தச் சட்டத்தை வரவேற்றவள்தான். உன் அப்பாவின் ஆறு மாவைக் காப்பாற்றுகிற அதே சட்டத்தால், வேதியியல் படித்த மகள் சென்னைக்கோ ஓசூருக்கோ ஹைதராபாத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. "படிச்சு முடிச்சதும் பக்கத்துலயே ஒரு வேலை" என்று அம்மா மனதில் வைத்திருந்தால், அது ஆசிரியர் வேலைக்கும் அரசு வேலைக்கும்தான் பொருந்தும். எம்.எஸ்ஸி. முடித்த பிறகு வெளியூர் போக விடமாட்டோம் என்று வீட்டில் நின்று, அந்தப் பட்டத்தோடு தெருவில் டியூஷன் எடுக்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர். அந்தச் சண்டையைப் பட்டம் வாங்கிய பிறகு போடுவதைவிட இப்போது போடுவது மேல்.

உன் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. ஜாம், க்யூட் இரண்டையும் எழுதுவேன். ஜாமில் பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதிதான். துவாக்குடியோ நீலக்குடியோ ஐ.ஐ.டி.யோ கிடைத்தால், மூன்றரை சம்பா போனாலும் போவேன். கிடைக்காவிட்டால், அதே கல்லூரியில் சேருவதற்குப் பதில் ஒரு வருடம் ஏதாவது ஆய்வகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதுவேன். ஒரு வருடம் விட்டுவிட்டால் படிப்பு விட்டுப்போகும் என்று பயமுறுத்துவார்கள். கருவியைக் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு எம்.எஸ்ஸி.க்கு வந்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் சரியான கேள்வி கேட்டார்கள். ஆசிரியர் வேலைதான் உன் மனதுக்குப் பிடித்தது என்றால் மட்டும் உள்ளூர் எம்.எஸ்ஸி. எனக்குச் சம்மதம். அப்போதும் அந்த உறை போட்ட கருவி விஷயத்தை விசாரித்துவிட்டுச் சேர்.

கடைசியாக ஒரு காரியம், இதை இந்த வாரமே செய். நீ பி.சி. அல்லது எம்.பி.சி. பிரிவு என்றால், கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுகளில் இடஒதுக்கீடு கேட்கச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டுத் தேதியில். போன வருடம் என்னிடம் வந்த பையன் கடைசி நாளுக்கு முதல் நாள் இரவுதான் இதைத் தெரிந்துகொண்டான். இ-சேவை மையத்தில் பதிந்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வர நாளாகும். நடவு சமயத்தில் வி.ஏ.ஓ.வும் அடங்கல் (பயிர்க் கணக்கு) வேலையில் இருப்பார், கையில் சிக்க மாட்டார்.